பொட்டு ஒட்டிய கார்டுகள்

இதை எங்கே தொடங்குவது என்றுதான் பயமாக இருக்கிறது கண்ணு. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன். போன வருஷம் அப்படித்தான், ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டு இன்றுவரை அனுபவிக்கிறேன். அதனால் நீ நடுவில் கேள்வி கேட்காதே. கேட்டால் எனக்கு விட்ட இடம் தெரியாமல் போய்விடும்.

ஜன்னல் பக்கம் நீயே உட்கார். காற்று வரும். பர்ஸை உள்ளே வை, நமக்குத்தான் டிக்கெட் இலவசம். சீட்டை மட்டும் வாங்கிக் கையில் வைத்துக்கொள், புலியூரில் செக்கிங் ஏறுவார்கள்.

காந்திகிராமம் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாள் பஸ்ஸிலேயே நான் சொல்லிவிடுவேன். நாளைக்கு ஒருத்தி எழுந்து நின்று, தனம் அக்கா எங்கிட்ட மறைச்சிடுச்சுன்னு சொல்லிவிடக் கூடாது. அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. நான் யாரையும் ஏமாற்றியவள் இல்லை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பெனியில் இருக்கிறேன், ஒரு துண்டு, ஒரு கர்சீப் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

நம்முடையது துண்டு கம்பெனி. அடுப்படித் துண்டு, மேஜை விரிப்பு, எல்லாம் வெளிநாட்டுக்குப் போவது. செக்கிங் டேபிளில் என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பெண்கள். பிசிறு வெட்ட வேண்டும், கறை இருந்தால் சாக்பீஸில் வட்டம் போட வேண்டும், மடித்து லேபிள் வைக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான். முதல் வாரம் உனக்குக் கால் வீங்கும். வெந்நீரில் உப்புப் போட்டு வை. அத்தனை பேருக்கும் நான்தான் மேஸ்திரி. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குமேல் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. இருந்தும் மேஸ்திரி ஆனேன் என்றால் என் நாணயத்தால்தான்.

நீ சேர்ந்ததும் கக்கூஸ் போகிற வழியில், தீயணைக்கிற சிவப்பு சிலிண்டருக்குப் பின்னால் ஒரு போர்டு பார்ப்பாய். அரசாங்கம் சொல்லியிருக்கிற கூலி அதில் எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு நானூற்று அறுபத்தைந்தாம், பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாரா வாரம் அதைத் துடைக்கிறவள் நான்தான், ஆனால் ஒரு நாளும் படித்ததில்லை. பொடி எழுத்து எனக்குப் பிடிபடாது.

முன்பெல்லாம் சம்பளம் கையில்தான் கொடுப்பார்கள். நாளுக்கு முந்நூற்றைம்பது. அந்தக் கூலிக்கு எல்லோரும் சந்தோஷமாகத்தான் வந்து போனோம். பிறகு வெளிநாட்டுக்காரன் கேட்க ஆரம்பித்தான், கூலியைச் சட்டப்படி கொடுக்கிறாயா, பேங்கில் போடுகிறாயா, பேப்பரைக் காட்டு என்று. அதற்கு ஆடிட் என்று பேர். ஆடிட்டில் ஃபெயில் ஆனால் ஆர்டர் வராது. ஆர்டர் வராவிட்டால் நமக்கு வேலை ஏது? மேனேஜர் ஞானசேகர் சார் எங்களை உட்காரவைத்து நன்றாகப் புரிகிற மாதிரி சொன்னார். "சட்டப்படி பேங்க்ல போட்டுடுவோம். மாசம் பன்னெண்டாயிரம் ஏறும். அதுல மூவாயிரத்த நீங்க திருப்பிக் கொடுத்துருங்க. உங்க கைக்கு எப்பவும் வர்றது வந்துரும். யாருக்கும் நஷ்டமில்ல."

அதற்கு ரிட்டன் என்று பேர் வைத்தோம்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் சார், கேள்வி கேட்க வருகிற வெளிநாட்டு அம்மா மாதிரி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கேட்பார். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. மாசச் சம்பளம்? பன்னிரண்டாயிரம். ஓவர்டைம் பார்த்தால்? டபுள். செண்பகம் என்று ஒருத்தி, வாய் சும்மா இருக்காது, "டபுள்னா என்னங்க சார், ரெண்டு டீயா?" என்று கேட்டுவிட்டாள். சாரே சிரித்துவிட்டார். "நீ ஊமைன்னு எழுதிக் கொடுத்துடறேன் போ" என்றார். அந்த மாதிரி சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தோம். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கொடுமையான இடம் என்று நினைத்துக்கொண்டு வராதே.

ரிட்டனை வசூல் பண்ணுகிற வேலை எனக்கு வந்தது. ஆளாளுக்கு ஏடிஎம் போய் எடுத்து வந்தால் ஒருத்தி மறப்பாள், ஒருத்தி அடுத்த மாசம் என்பாள். அதனால் ஆறாம் தேதி எல்லோரிடமும் கார்டை வாங்கிக்கொள்வேன். ஏழாம் தேதி சம்பளம் ஏறும். அன்றைக்கு மத்தியானம் போய் இருபத்திரண்டு கார்டிலும் மூவாயிரம் மூவாயிரமாக எடுத்து சாரிடம் கொடுத்துவிட்டு, எட்டாம் தேதி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இரகசிய நம்பர் எல்லோருக்கும் ஒன்றுதான், கம்பெனி வேனின் நம்பர். பேங்கில் இருந்து வருகிற மெசேஜ் எல்லாம் சார் போனுக்குப் போய்விடும். அவர்களுக்குத் தொந்தரவே கிடையாது. வெயிலில் நிற்பது நான், வரிசையில் பேச்சு வாங்குவது நான். "ஏனுங்கக்கா, மிஷினையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்களா?" என்று பின்னால் நிற்கிறவன் கேட்பான். மூன்று ஏடிஎம் அலைவேன். சார் அதற்காக மாசம் இருநூறு ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுப்பார், தீபாவளிக்கு ஒரு புடவை. அதை நான் வாங்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ரிட்டனில் ஒரு ரூபாய் தொட்டதில்லை. என் கார்டில் இருந்தும் மூவாயிரம் எடுத்துத்தான் வைப்பேன்.

என் தொல்லை வேறு. கார்டில் பேர் எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. எது யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்கவும் வெட்கம். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொருத்தியையும் அவள் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்து அவள் கார்டில் ஒட்டச் சொன்னேன். சிவப்பு நீளம் ஒருத்தி, மெரூன் வட்டம் ஒருத்தி, கல்லு வைத்தது ஒருத்தி. செண்பகத்துக்குப் பச்சை. டேபிளில் நிற்கிற வரிசைப்படி பொட்டைப் பார்த்துப் பார்த்து எடுப்பேன். பணம் எடுத்ததும் கார்டுகள் வைத்திருக்கிற பிஸ்கட் டப்பாவுக்குள் மறுபடி போட்டுவிடுவேன். ஒரு மாசமும் பிசகினதில்லை.

பரிமளாதான் ஒட்டமாட்டேன் என்றாள்.

பரிமளா யார் என்று சொல்லவில்லை பார். மூன்றாவது ஆளாக, ஃபேனுக்குக் கீழே நிற்பாள். நீ இன்றைக்கு நிற்கப்போகிற இடம்தான். புருஷன் லாரியில் போய் இறந்துவிட்டான். ஒரே பெண், பன்னிரண்டாவது முடித்திருந்தது. இவள் பத்தாவது வரைக்கும் படித்தவள், அதனால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பாள். "எனக்கெதுக்குக்கா பொட்டு? நான் வெக்கறதில்லையே" என்றாள். பொட்டில்லாத கார்டை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? கைக்குழந்தைக்கு வைக்கிற மாதிரி சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வாங்கி நானே ஒட்டினேன்.  அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போன வருஷம் வைகாசியில் வெயில் எப்படி அடித்தது என்று உனக்குத் தெரியும். டப்பாவை நான் அயர்ன் டேபிளுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தேன். என் தப்பு அது ஒன்றுதான், வேறு தப்பு நான் பண்ணவில்லை. சூட்டில் பசை இளகி, செண்பகத்தின் பச்சைப் பொட்டு கழன்று பரிமளாவின் கார்டுக்குப் பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரியாதே. ஏடிஎம்மில் நின்று கறுப்பைத் தேடினேன், மூவாயிரம் எடுத்தேன், உள்ளே போட்டேன். கொஞ்சம் கழித்துப் பச்சையைத் தேடினேன். பச்சை கிடைத்தது, மூவாயிரம் எடுத்தேன். மொத்தம் சரியாக இருந்தது. அறுபத்தாறாயிரம். சாரிடம் கொடுத்தாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கார்டு மொட்டையாக இருந்தது. மிச்சம் நின்றவள் செண்பகம். பொட்டு விழுந்துவிட்டது போல என்று அவளிடம் கொடுத்து, புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த மாசம்தான் பரிமளாவின் பெண்ணுக்கு நர்சிங் காலேஜில் பணம் கட்டக் கடைசித் தேதி. ஏடிஎம்முக்குப் போனால் ஒன்பதாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறாயிரம் இருக்கிறது. மறுநாள் டீ இடைவேளையில் வந்தாள். கார்டைத் திருப்பிக் காட்டினாள்.

"இது யாரோட பொட்டுங்கக்கா?"

 செண்பகத்தைக் கூப்பிட்டுக் கேட்டால், "கணக்குல மூவாயிரம் சேத்தி இருந்துச்சு. இந்த மாசம் அம்மன் கண்ணத் தொறந்துட்டான்னு நெனச்சேன். காது குத்துக்கு மொய் வெச்சுட்டேனேக்கா" என்கிறாள். சாரிடம் போனேன். "எனக்கு வரவேண்டியது வந்துருச்சு. உங்களுக்குள்ள பாத்துக்குங்க" என்றார். அதுவும் நியாயம்தானே? அவர் என்ன பண்ணுவார். நான் பரிமளாவிடம், மாசம் ஐந்நூறாகச் செண்பகத்திடம் வாங்கித் தருகிறேன் அம்மிணி, பொறுத்துக்கோ என்றேன்.

"திங்கக்கெழமை கடைசி நாளுங்கக்கா."

"நான் எங்க போவேன் சொல்லு. என் கழுத்துல இருக்கறதும் கவரிங்கு."

அவள் அரை நாள் லீவு போட்டாள். பெண்ணுக்கு லோன் கேட்கலாம் என்று பேங்குக்குப் போனாளாம். பாஸ்புக்கை மிஷினில் விட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் கம்பெனி வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். ஒவ்வொரு ஏழாம் தேதிக்கும் பன்னிரண்டாயிரம் வரவு, அடுத்த வரியிலேயே மூவாயிரம் பற்று. இருபத்தாறு மாசம்.

"இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதானம்மிணி? புதுசாப் பாக்கற மாதிரி பாக்கறியே" என்றேன்.

"தெரிஞ்சதுதானுங்கக்கா. மூவாயிரம் மூவாயிரமாத் தெரியும். மொத்தமா இன்னைக்குத்தான் பாத்தேன். எழுபத்தெட்டாயிரம். எம்புள்ளைக்கு மூணு வருசமும் கட்டியிருப்பேன்."

"அது நம்ம பணம் இல்ல. கம்பெனிது. பேங்க் வழியா வந்துட்டுப் போகுது."

"பாஸ்புக்குல யாரு பேருங்கக்கா இருக்கு?"

 மணி அடித்துவிட்டது. நான் உள்ளே போய்விட்டேன். அவள் வரவில்லை. நேராக லேபர் ஆபீஸுக்குப் போயிருக்கிறாள், பாஸ்புக்கும் அந்தக் கார்டுமாக. போர்டில் இருக்கிற கூலியை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாளாம். எப்போது நின்று எழுதினாளோ. அந்த வழியாகத்தான் எல்லோரும் தினமும் போகிறோம், வருகிறோம். அவளுக்கு மட்டும் என்ன அவசரம்?

அடுத்த மாசம் ஆபீஸர் அம்மா வருகிறார் என்று தகவல் வந்தது. சார் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஏசிக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அக்கா, ரிட்டன்னு ஒரு வார்த்தையே நம்ம கம்பெனில கெடையாது. நீங்க சீட்டு நடத்தறீங்க. மாசம் மூவாயிரம். எல்லாரும் விருப்பப்பட்டுச் சேந்திருக்காங்க."

"ஐயோ சார், நான் சீட்டே நடத்தலீங்களே."

"இனிமே நடத்தறீங்க."

"சீட்டுன்னா ஏலம் விடணும், தள்ளுபடி இருக்கும், அதெல்லாம் எனக்கு…"

"அவ்வளவு தூரம் யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க கலங்காம இருந்தாத்தான் இருபத்திரண்டு குடும்பம் சோறு திங்கும். வெளிநாட்டு ஆர்டர் போச்சுன்னா டேபிளையே தூக்கிடுவேன். உங்க கையிலதான் இருக்கு."

என் கையில்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தாவது படித்தவளை நம்பி ஒருவர் இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுக்கிறார் என்றால், நான் எப்படி முடியாது என்பேன்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? வேண்டாம், சொல்லாதே. விட்ட இடம் மறந்துவிடும்.

ஆபீஸர் அம்மா ஆடிட்டுக்காரர்கள் மாதிரி இல்லை. காட்டன் புடவை, கையில் பழைய பை. நாங்கள் கொடுத்த இளநீரை வாங்கவில்லை. சொந்த பாட்டிலில் இருந்து தண்ணீர் குடித்தார். ஒவ்வொருத்தியாகக் கேட்டார். எல்லோரும் சீட்டு என்றார்கள். செண்பகம்கூடச் சீட்டு என்றுதான் சொன்னாள், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மூலையில் பரிமளா நின்றுகொண்டு, சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கடைசியில் என் முறை. டப்பாவை மேஜைமேல் வைக்கச் சொன்னார். அன்றைக்கு ஆறாம் தேதி, கார்டுகள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. திறந்து பார்த்துவிட்டு, "இது என்னம்மா பொட்டு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஏன் என்று தெரியவில்லை, அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தனபாக்கியம், நான் இன்னும் எழுதல. நீங்க சீட்டுன்னு சொன்னா அந்தப் பணத்துக்கு நீங்கதான் பொறுப்பு. கம்பெனி இல்ல. புரியுதா? பயப்படாம சொல்லுங்க. இந்தப் பணத்த எடுத்து யார்கிட்ட கொடுத்தீங்க?" என்றார்.

நான் சாரைப் பார்த்தேன். சார் ஜன்னல் வழியாக லாரியில் பெட்டி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டுத்தானுங்கம்மா" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். "சரி. இருபத்தாறு மாசமா பரிமளா கட்டியிருக்காங்க. சீட்டுப் பணத்த எடுத்துட்டாங்களா?"

இதுதான் கண்ணு, இந்த இடத்தில்தான் நான் தப்பாகச் சொன்னது. சார் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எடுத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும் என்று சார் பிறகு தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் பரிமளா நிற்கிறதுதான் கண்ணில் பட்டது. வாய் தானாக, "இல்லீங்கம்மா. அவ ஒரு ரூபா கண்ணுல பாக்கல" என்று சொல்லிவிட்டது.

எழுதிக்கொண்டார். "அப்ப எழுபத்தெட்டாயிரமும் நீங்க அவங்களுக்குத் தரணும். தரலைன்னா, பதிவில்லாத சீட்டுன்னு போலீசுக்கு எழுதி அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

போலீஸ் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. யாரோ நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சார்தான் நடுவில் புகுந்து, கம்பெனிக்குள்ளே பேசி முடித்துக்கொள்கிறோம் மேடம், பாவம் படிக்காத பொம்பளை, என்று எனக்காகப் பேசினார். ஆபீஸர் அம்மா போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் யோசிக்கிறேன். கோபம் என்றும் சொல்ல முடியாது.

பிறகு பேசினார்கள். ஐம்பதாயிரம், அதோடு பரிமளா வேலையை விட்டுவிட வேண்டும், இனிமேல் எந்தப் பாக்கியும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அவள் எழுபத்தெட்டில்தான் நின்றாள், கொஞ்ச நேரம். அவள் பெண் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. அதைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஐம்பதாயிரம் எனக்கு ஏது? கம்பெனி கொடுத்தது. என் பேரில் முன்பணம் என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, பணத்தை என் கையில்கூடக் கொடுக்காமல் நேராக அவளிடம் கொடுத்துவிட்டார்கள். மாசம் இரண்டாயிரம் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ரிட்டன் மூவாயிரம் வேறு. ஏழாயிரம் கைக்கு வருகிறது. வேறு கம்பெனியாக இருந்தால் என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போயிருப்பார்கள். சார் என்னைக் கைவிடவில்லை. அதை நான் மறக்கக் கூடாது. இன்னும் பன்னிரண்டு மாசம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவேன்.

பரிமளா பணத்தை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். கார்டைக் கையில் எடுத்து, அந்தக் கறுப்புப் பொட்டை நகத்தால் உரித்து, என் பிஸ்கட் டப்பாவின் மூடிமேல் ஒட்டிவிட்டாள்.

"இது உங்களுதுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

எத்தனை தடவை சுரண்டிப் பார்த்துவிட்டேன். இந்த வெயிலிலும் அது மட்டும் பசை விடவில்லை.

அந்தப் பெண் நர்சிங் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? பரிமளாவை அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எந்தத் துண்டு கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள். இப்போது மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாள், முகூர்த்த நாளில் மட்டும். இதே பஸ்ஸில்தான் ஏறுவாள். என் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள். நான் நகர்ந்து இடம்கூட விட்டுப் பார்த்தேன்.

இவ்வளவுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆறாம் தேதி வந்தாலே வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னொருத்தி பாஸ்புக்கை அச்சடித்தால்? இன்னொரு ஆபீஸர் வந்து டப்பாவைத் திற என்றால்? கார்டைத் தொட்டால் சீட்டு என்பார்கள், சீட்டு என்றால் போலீஸ் என்பார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் என் சொந்தக் கதையில் இருந்தே வழி கிடைத்தது. நான் கண்ணால் காணாத ஐம்பதாயிரத்துக்கு முன்பணம் என்று கையெழுத்துப் போட்டேன். அதை மாசா மாசம் பிடிக்கிறார்கள், ஒரு ஆபீஸரும் ஏன் என்று கேட்கவில்லையே? அப்படியானால் எல்லோருமே முன்பணம் வாங்கியவர்களாக இருந்துவிட்டால் என்ன?

சாரிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நீங்க அஞ்சாவதோட நின்னிருக்கக் கூடாது" என்றார். என் ஆயுசில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதனால் இப்போது நான் யார் கார்டையும் தொடுவதில்லை. அவரவர் கார்டு அவரவரிடம். பொட்டு கிட்டு ஒன்றும் கிடையாது. அவரவரே எடுத்து, முன்பணம் திருப்பிக் கட்டுகிறேன் என்று ஆபீஸில் கட்டிவிட வேண்டியது. சேருகிற அன்றைக்கு ஒரு காகிதத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். சாட்சி வேண்டுமே என்றார் சார். நான் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதில் மட்டும் உறுதியாக இருந்தேன். முதலில் சேர்ந்தவளுக்கு அடுத்து சேருகிறவள் சாட்சி, அவளுக்கு அதற்கடுத்தவள். என் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை கண்ணு. எவள் எங்கே போய் என்ன எழுதிக் கொடுத்தாலும் தனபாக்கியம் என்று ஒருத்தி அதில் வரமாட்டாள். கம்பெனி கேட்டுக்குள்ளே கேமரா இருக்கிறது, அதனால்தான் பஸ்ஸிலேயே முடித்துவிடுவது.

இந்தா, இதுதான். ஓரம் மடங்காமல் பிடி. மேலே உன் பேர் அடித்திருக்கிறது, தேன்மொழி என்று. தமிழில்தான். எழுபத்தையாயிரம் என்று போட்டிருக்கிறதா, அதைப் பார்த்துப் பயப்படாதே, யாரும் உன்னிடம் அவ்வளவையும் கேட்கமாட்டார்கள். மாசம் மூவாயிரம்தான். கட்டி முடிந்ததும் புதுக் காகிதம் போட்டுக்கொள்ளலாம். கீழே உன் கையெழுத்து. அடுத்த வாரம் ஒருத்தி வருகிறாள், அவள் உனக்குச் சாட்சி போடுவாள்.

பேனா இந்தா. காந்திகிராமம் ஸ்டாப் வரப்போகிறது, டிரைவர் ரொம்ப நேரம் நிறுத்தமாட்டான்.

என்ன, மேலே இருந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறாய்? எத்தனையாவது வரைக்கும் படித்தாய் நீ?

படிக்காதே கண்ணு. ஓடுகிற பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும்.